மீனாட்சி கோயிலுக்கு வெளியே கிடக்கும் மதுரை

மதுரைக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் ஆகிறது என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நின்றுகொண்டு அந்த இரண்டாயிரம் ஆண்டைத் தேடினால் கிடைக்காது. கிழக்கு ராஜகோபுரம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தது, 13ஆம் நூற்றாண்டு. தெற்கு கோபுரம் 1559இல் எழுந்தது. ஆயிரங்கால் மண்டபம் அதற்கும் பிந்தியது. புதுமண்டபம் திருமலை நாயக்கர் கட்டியது, 17ஆம் நூற்றாண்டு. நாம் அண்ணாந்து பார்த்து வியக்கும் கல்லில் பெரும்பகுதி நாயக்கர் காலத்துக் கல். அப்படியானால் சங்ககாலப் பாண்டியனும் அவனுக்குப் பின் வந்த முற்காலப் பாண்டியர்களும் விட்டுப்போனது எங்கே?

மதுரையில் அதிகம் பேர் எட்டிப்பார்க்காத இடங்களுக்கு நான் போகச் சொல்வதற்கு இந்தக் கேள்விதான் காரணம். "அங்கேயும் ஒரு பழைய கோயில் இருக்கிறது" என்பதற்காக அல்ல. பெரிய கோயில் சொல்லாமல் விட்ட பாதிக் கதை அந்தச் சின்ன இடங்களில்தான் இருக்கிறது.

பெரிய கோயிலில் பழைய கல் இல்லாததற்குக் காரணம் எளிது. விடாமல் மக்கள் வாழ்கிற ஊரில் எதுவும் பழையபடி நிற்காது. முதல் கோயில்கள் செங்கல்லும் மரமுமாக இருந்திருக்கும். 1311இல் மாலிக் காபூரின் படை வந்து போனது. அதன்பின் 1330களிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு மதுரை சுல்தான்களின் ஆட்சி. விஜயநகர இளவரசர் குமார கம்பணன் வந்து அதை முடித்துவைத்தார். பிறகு வந்த நாயக்கர்கள் கையில் பணமும் இருந்தது, கட்டவேண்டும் என்ற வேகமும் இருந்தது. இருந்ததைப் பெரிதாக்கினார்கள், இல்லாததைப் புதிதாக எழுப்பினார்கள். ஒவ்வொரு தலைமுறையும் திருப்பணி செய்யும்போது முந்தைய தலைமுறையின் கை மறைந்துவிடுகிறது. பக்தியும் செல்வமும் நிறைந்த கோயில் எதற்கும் இது பொருந்தும்.

மலையைக் குடைந்ததை அப்படி மாற்றிக் கட்ட முடியாது. அதனால்தான் மதுரையின் மிகப் பழைய சான்றுகள் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் தங்கிவிட்டன. கீழடி மண்ணுக்கடியில் இருந்து வந்தது, அது வேறு கதை, இப்போது எல்லோருக்கும் தெரிந்த கதையும்கூட. குன்றுகளோ கண்ணுக்கு நேரே கிடக்கின்றன. சமண மரபில் மதுரையைச் சூழ்ந்த எட்டு மலைகளை எண்பெருங்குன்றம் என்று சேர்த்துச் சொல்லும் பழக்கமே உண்டு.

முதலில் மாங்குளம். மதுரைக்கு வடகிழக்கே, மீனாட்சிபுரம் கிராமத்தை ஒட்டிய மலை. குகைத்தளத்தில் கல்லில் படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள், அந்தக் காடியை ஒட்டித்தான் எழுத்துகள். 1882இல் ராபர்ட் சூவல் இவற்றைக் கண்டார். அவருக்குப் படிக்கத் தெரியவில்லை, வேறு யாருக்கும் அப்போது தெரியாது. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்று எடுத்துச் சொன்னார். 1960களில் ஐராவதம் மகாதேவன் இதில் நெடுஞ்செழியன் என்ற பெயர் இருப்பதைக் காட்டியபோதுதான் இதன் முழு எடையும் புரிந்தது. நெடுஞ்செழியனின் பணியில் இருந்த கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்கு இந்தப் பள்ளியை, அதாவது துறவியர் தங்கும் இடத்தை, அமைத்துக் கொடுத்தான் என்கிறது ஒரு கல்வெட்டு. இன்னொன்று வெள்ளறை நிகமத்தைப் பற்றிப் பேசுகிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. ஆக கி.மு. காலத்திலேயே அரசனின் அதிகாரியும் வணிகர்களும் சேர்ந்து ஒரு துறவிக்குக் கல்படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சங்கப் பாடல்களில் மட்டும் கேட்ட ஒரு பாண்டியன் பெயரைக் கல்லில் பார்க்கவேண்டும் என்றால் இந்த மலைமேல் ஏறித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது யானைமலை. மேலூர் சாலையில் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஒத்தக்கடை பக்கம் ஒரு யானை படுத்திருப்பது போல நீண்டு கிடக்கும் ஒற்றைப் பாறை. பார்த்தவர்களில் எத்தனை பேர் இறங்கிப் போயிருப்பார்கள் என்பது வேறு விஷயம். மலையடிவாரத்தில் நரசிங்கம் கிராமத்தில் யோக நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. முன்னால் உள்ள மண்டபங்கள் பின்னாளையவை. கருவறை மட்டும் பாறையைக் குடைந்தது, அதற்குத் தேதி உண்டு. கி.பி. 770. பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி இதைக் குடைவித்தார். குடமுழுக்கு செய்வதற்குள் அவர் இறந்துபோனார். அவர் தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து, முகமண்டபம் எடுத்து, வேலையை முடித்தார். இதைக் கோயிலில் உள்ள வடமொழிக் கல்வெட்டும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுமே சொல்கின்றன. ஆண்டு தெளிவாகக் குறிக்கப்பட்ட முற்காலப் பாண்டியர் குடைவரை கிடைப்பது லேசில் நடக்கிற காரியமில்லை.

அதே அரசனின் காலத்தில், மூன்றே ஆண்டு கழித்து 773இல், திருப்பரங்குன்றத்திலும் ஒரு குடைவரை. சாத்தன் கணபதி என்ற அதிகாரி அங்கே கோயிலையும் குளத்தையும் செப்பனிட, அவர் மனைவி நக்கன்கொற்றி துர்க்கைக்கும் மூதேவி எனப்படும் சேட்டைத் தேவிக்கும் சன்னதி எடுத்தார். திருப்பரங்குன்றம் அறுபடை வீடுகளில் முதலாவது, அதற்கு விளம்பரம் தேவையில்லை. ஆனால் கூட்டத்தோடு நகர்ந்து முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள், தாங்கள் நின்ற இடம் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை என்பதைக் கவனிப்பதில்லை. ஒரு பெண் தன் பெயரில் இரண்டு தேவியருக்குச் சன்னதி எடுத்ததும் அந்த நெரிசலில் காணாமல் போகிறது. பிரபலமான கோயிலுக்குள்ளேயே அறியப்படாத கோயில் இருப்பது இப்படித்தான்.

யானைமலைக்குத் திரும்புவோம். நரசிங்கப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் லாடன் கோயில் என்று ஒரு சின்னக் குடைவரை. உள்ளே முருகனும் தேவயானையும் அமர்ந்திருக்கிறார்கள், சேவலும் மயிலும் உண்டு. கிராமத்தார் சொல்லும் லாடமுனி என்ற பெயர்தான் நிலைத்துவிட்டது. இன்னும் மேலே ஏறினால் சமணர் குகைத்தளம், பாறை முகப்பில் தீர்த்தங்கரர் உருவங்கள், அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய சுதை, வண்ணப் பூச்சின் மிச்சம்.

எனக்கு யானைமலையில் மிக முக்கியமாகப் படுவது இந்த உருவங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்துகள். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் இங்கே இருக்கிறது. காலம் 9, 10ஆம் நூற்றாண்டு. இந்தத் திருமேனிகளைக் காக்கும் பொறுப்பை நரசிங்கமங்கலத்துச் சபையார் ஏற்றிருக்கிறார்கள். சபை என்றால் பிராமணக் குடியிருப்பின் ஊராட்சி அவை. கீழே நரசிங்கப் பெருமாளைக் கும்பிட்டவர்கள் மேலே இருந்த சமண உருவத்துக்குக் காவல் நின்றிருக்கிறார்கள்.

இதைத் திருவிளையாடற் கதையோடு வைத்துப் பாருங்கள். சமணர்கள் வேள்வியில் யானையை உண்டாக்கி மதுரைமேல் ஏவினார்கள், சொக்கநாதர் நரசிங்கக் கணை தொடுத்து வீழ்த்தினார், அந்த யானைதான் இந்த மலை என்பது யானை எய்த படலம். நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே மாதிரிக் கதைகள். சம்பந்தர் வாதில் வென்ற பிறகு மதுரையில் சமணமே இல்லாமல் போனது என்பதுதான் பொதுவாக மனதில் பதிந்திருக்கும் வரலாறு. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. அச்சணந்தி அவருக்கு இருநூறு ஆண்டு பிந்தியவர், ஊர்ச்சபையின் துணையோடு வேலை செய்தவர். கதையைக் கல் பொய்யாக்குகிறது என்று நான் சொல்லவரவில்லை, கதைக்கு அதன் வேலை இருக்கிறது. ஆனால் நடந்தது அவ்வளவு நேர்கோடாக நடக்கவில்லை என்பதற்கு யானைமலை நல்ல சாட்சி.

அச்சணந்தியை இன்னொரு இடத்திலும் சந்திக்கலாம். நகரின் மேற்கே, கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக் குளம், கரையில் ஆலமரங்கள், அய்யனார் கோயில், கருப்பசாமி. மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு, இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். செட்டிப்புடவில் குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதும் அமைதியான முகமுமாக இருப்பதால் ஊரார் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். உள்ளே, தலைக்கு மேல் வளைந்த பாறையில், சிங்கத்தின் மீதேறி யானை வீரனோடு மோதும் ஒரு இயக்கியின், அதாவது சமணக் காவல் தேவதையின், சிற்பம். அதைப் பார்க்காமல் திரும்பினால் போனதே வீண். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக எட்டு உருவங்கள், அருகே வற்றாத சுனை. அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இந்த மலையில் ஒரு வட்டெழுத்துக் குறிப்பு இருக்கிறது. அதற்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம்.

மதம் போய்விட்டது, மலை போகவில்லை. அதற்குப் பெரிய காரணம் அடிவாரத்து அய்யனாரும் கருப்பும் என்று நினைக்கிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தொல்லியல் துறை வைத்த நீலப் பலகைக்கு ஒரு மரியாதை உண்டுதான், ஆனால் சாமி மலை என்ற நம்பிக்கைக்கு உள்ள வலு வேறு. பல குன்றுகளில் சமணர் படுக்கை பஞ்சபாண்டவர் படுக்கையாகப் பெயர் மாறியதும் இப்படித்தான். பெயரைத் தவறாகச் சொல்கிறார்கள் என்று படித்தவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. ஒரு பெயர் இருந்ததால்தான் அந்த இடம் உடைபடாமல் இருந்தது.

சரி, மலையை விட்டு ஊருக்குள் வருவோம். இங்கே தேடவேண்டிய முறை வேறு.

மதுரையின் தெருக்கள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிகின்றன. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளிவீதி. முதல் நான்கும் தமிழ் மாதப் பெயர்கள், வெளிவீதி மட்டும் ஏன் அப்படி இல்லை? முன்பு அது வீதியாக இருந்ததே இல்லை. நாயக்கர் கோட்டையின் மதிலும் அகழியும் இருந்த இடம் அது. 1840களை ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அரசாங்கம் பணம் செலவழிக்காமல் வேலை நடந்த விதம் சுவாரசியமானது. மதிலை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்றார்கள். வேலையை மேற்பார்த்த நில அளவையாளர்களின் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு நன்றியாக நட்ட விளக்குத் தூண், விளக்குத்தூண் என்ற பேருந்து நிறுத்தமாக, ஜவுளி வாங்க வருகிறவர்கள் இறங்கும் இடமாக ஆகிவிட்டது. எதற்காக அந்தத் தூண் என்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. கோட்டையின் ஒரு துண்டு மட்டும் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் மேற்கு வாசலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விளக்குத்தூணிலிருந்து சற்று நடந்தால் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையில் இப்போது டிக்கெட் வாங்கிப் பார்ப்பது கால்வாசிகூட இருக்காது என்பார்கள். மிச்சத்தைப் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பிரித்து எடுத்துப்போனார். எடுக்க முடியாமல் நின்றுவிட்டவை இந்தப் பத்துக் கருங்கல் தூண்கள். துணிக்கடைகளுக்கும் சுமை இறக்கும் வண்டிகளுக்கும் நடுவே, மேலே தாங்க எதுவும் இல்லாமல் நிற்கின்றன. அரண்மனைக்குள் ஒலி ஒளிக் காட்சியில் தெரிவதைவிட அந்தக் கட்டடத்தின் உண்மையான அளவு இந்தச் சந்தில்தான் புரியும்.

ஊருக்குள் உள்ள சிறு கோயில்களில் மேலமாசி வீதி பக்கம் இருக்கும் இம்மையில் நன்மை தருவார் கோயில் தனி ரகம். கருவறையில் சிவனும் அம்மையும் அமர்ந்து லிங்கத்துக்குப் பூசை செய்கிறார்கள். லிங்கம் அவர்களைப் பார்த்து இருப்பதால் நமக்குத் தெரிவது லிங்கத்தின் பின்புறம். மதுரைக்கு அரசனாக முடிசூடும் முன் சிவன் தானே சிவபூசை செய்தார் என்பது தலக்கதை. மதுரைக்குள்ளேயே ஐம்பூதத் தலங்கள் என்று ஒரு வரிசை சொல்வார்கள். இது நிலம். செல்லூர் திருவாப்புடையார் நீர், அது சம்பந்தர் பாடிய திருவாப்பனூர். தெற்குமாசி வீதி தென் திருவாலவாய் நெருப்பு. தெப்பக்குளம் முக்தீசுவரர் காற்று. சிம்மக்கல் பழைய சொக்கநாதர் ஆகாயம். ஒரே காலையில் ஐந்தையும் சுற்றிவிடலாம், பிரதோஷ நாளாக இல்லாவிட்டால் நிம்மதியாகவே பார்க்கலாம்.

கூடலழகர் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று, அறியப்படாத கோயில் என்று சொன்னால் வைணவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் வெளியூரிலிருந்து மீனாட்சியைப் பார்க்க வருகிறவர்களில் பலர் பேருந்து நிலையத்துக்கு இவ்வளவு அருகில் அது இருப்பதை அறியாமலே போகிறார்கள். அட்டாங்க விமானத்தில் மூன்று நிலைகள், இருந்த, நின்ற, கிடந்த கோலம் மூன்றும் ஒரே விமானத்தில். பெருமாள் கோயிலில் நவக்கிரக சன்னதி இருப்பதும் இங்கே ஒரு வேடிக்கை. இந்தக் கோயிலின் தெப்பக்குளம் டவுன்ஹால் ரோட்டில் இருக்கிறது. பல ஆண்டு அது இருக்கிறது என்பதை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது, சுற்றிலும் கடைகள் எழும்பிக் குளத்தை மறைத்துவிட்டன.

மேலமாசி வீதியிலேயே மதனகோபால சுவாமி கோயில். இதன் மண்டபம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்கு விமானம் ஏறவேண்டும். 16ஆம் நூற்றாண்டு மண்டபத்தின் தூண்களும் சிற்பக் கற்களும் கோயில் வளாகத்தில் பிரிந்து கிடந்தபோது, 1912இல் சுற்றுலா வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். முதல் உலகப் போரில் பிரான்சில் மருத்துவமனைப் பணியில் இருந்தபோது அவர் இறந்தார். குடும்பத்தார் 1919இல் அவர் நினைவாகக் கற்களை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே அது முழு மண்டபமாக நிற்கிறது, அந்த அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று. இதைத் திருட்டு என்று சொல்லமுடியாது, விற்கிற நிலையில் நாம் வைத்திருந்தோம். மதுரையில் அந்தக் கோயிலைக் கடந்து போகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதே மேலமாசி வீதியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைத் துறந்து அரை ஆடைக்கு மாறிய வீடும். கீழே கதர்க் கடை நடக்கிறது.

இனி இவற்றின் நிலைமை. குன்றுகளுக்கு ஆபத்து கிரானைட் வடிவில் வந்தது. மேலூர் வட்டாரத்தில் கீழவளவு போன்ற இடங்களில் சமணர் படுக்கைகள் உள்ள குன்றுகளுக்கு அருகிலேயே பாறை வெட்டினார்கள். 2010ஐ ஒட்டி யானைமலையைச் சிற்ப நகரமாக்கலாம் என்று அரசுத் தரப்பில் ஒரு யோசனை வந்தபோது ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எதிர்த்து நின்றதால் அது கைவிடப்பட்டது. அந்தச் சூட்டில்தான் பசுமை நடை என்ற குழு பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மக்களை மலைகளுக்கு அழைத்துப்போய், கல்வெட்டைப் படித்துக் காட்டி, இட்லி கொடுத்து அனுப்புகிற எளிய முறை. மதுரைக்காரர்கள் பலருக்குச் சொந்த ஊரின் குன்றுகள் தெரிந்தது அதன்பிறகுதான்.

2022 நவம்பரில் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டியிலும் எல்லாம் இருக்கிறது. தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு, சமணத் தீர்த்தங்கரர், சிவனின் வடிவமான லகுலீசர் சிற்பத்தோடு ஒரு பாண்டியர் குடைவரை, மேலே பறக்கும் வல்லூறுகள். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, மக்கள் மதுரைக்கு ஊர்வலமாக நடந்தார்கள், 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நகரத்துக்குள் அப்படி ஒரு எதிர்ப்பு எழுவதில்லை. ஏழுகடல் குளம் கடைவளாகமானபோதும் டவுன்ஹால் ரோடு தெப்பம் மறைந்தபோதும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கிராமத்துக்காரருக்கு அந்த மலை தண்ணீரும் மேய்ச்சலும் சாமியும். நகரத்தில் இடம் என்றால் வாடகை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோயில்கள் மதியம் நடைசாத்திவிடும், நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே சிறு கோயில்களைக் காலையிலும், பத்துத்தூண், விளக்குத்தூண் போன்றவற்றை மதியத்திலும் வைத்துக்கொள்ளலாம். மலைகளுக்கு வெயில் ஏறும்முன் போய்விட வேண்டும், பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். வட்டெழுத்தும் தமிழியும் உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது, சாய்வான காலை வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள், கல் கெட்டுப்போகும். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பேருந்து ஏறினால் ஒத்தக்கடையில் இறங்கலாம், அங்கிருந்து நரசிங்கத்துக்கு ஆட்டோ உண்டு. கீழக்குயில்குடிக்கு நாகமலை புதுக்கோட்டை வழி. மாங்குளத்துக்குச் சொந்த வண்டி இருந்தால் நல்லது. ஏறும்முன் மீனாட்சிபுரத்தில் யாரையாவது வழி கேளுங்கள், பல சமயம் அவரே கூட வந்துவிடுவார்.